மூன்றாவது பங்குதாரர்

தூத்துக்குடியில் எதற்கும் கம்பெனி என்றுதான் பெயர். கோலி பாட்டில் நாலு வைத்திருந்தால் சோடாக் கம்பெனி. தையல் மெஷின் ஒன்று இருந்தால் தையல் கம்பெனி. அந்த வழக்கப்படி சிவனணைந்தபெருமாளும் வெகுகாலமாகத் தும்புக் கம்பெனி நடத்திவந்தார். அது கம்பெனியே அல்ல என்று, உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், துறைமுகத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை சொன்னபோது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைக் காட்டி இவள் உன் பெண்டாட்டி அல்ல என்று யாரோ சொன்னதுபோல அவருக்கு இருந்தது.

துரை பொல்லாதவர் அல்ல. லண்டனிலிருந்து உத்தரவு வந்துவிட்டது, இனிமேல் பெயருக்குப் பின்னால் லிமிடெட் என்று போட்டவர்களிடம்தான் சரக்கு எடுக்க முடியும் என்று குமாஸ்தா மூலமாகச் சொல்லிவிட்டு, ஆறுதலாக ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். பெருமாள் அந்தப் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடற்கரை ரோட்டுக்கு வந்தார். அதைத் தின்பதா, பத்திரப்படுத்துவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

தும்பு என்பது பனைமட்டையின் அடியிலிருந்து அடித்து எடுக்கிற நார். அதை இரும்புச் சீப்பில் இழுத்து, நீளம் பிரித்து, கட்டுக் கட்டாகக் கட்டித் தோணியில் ஏற்றினால் தூரத்தில் நிற்கிற கப்பலுக்குப் போகும். லண்டனில் அதை வைத்துத் தெருக் கூட்டுகிறார்கள் என்று கேள்வி. இந்த வியாபாரத்தில் விற்பது பெருமாள். வேம்பார்ப் பக்கத்துப் பனங்காடுகளில் ஊர் ஊராக அலைந்து தும்பு கொண்டுவருவது அவருடைய கூட்டாளி முப்பிடாதி. கட்டுக் கட்டுவதும் அவனே. பெருமாள் போடும் முடிச்சு பார்வைக்கு நன்றாக இருக்கும். கட்டைத் தூக்கினால் அவிழ்ந்துகொள்ளும். முப்பிடாதி இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிவிடுவான். அதை அறுக்கலாம், அவிழ்க்க முடியாது. ஆகவே கப்பலேறியதெல்லாம் முப்பிடாதி கட்டியது. பெருமாள் கட்டியது உள்ளூரிலேயே விளக்குமாறாகிவிடும்.

இரண்டு பேருக்கும் சமமாக மூன்றாவது கூட்டாளி ஒருவர் உண்டு. அவர் சுடலைமாடன். தருவைக்கரைச் சுடுகாட்டை ஒட்டி, வெள்ளையடித்த பீடமாக நின்றுகொண்டிருந்தார். தொழில் ஆரம்பித்த அன்றைக்கே அவருக்கு ஒரு பங்கு என்று பேச்சு. அந்தப் பங்கில் வருஷா வருஷம், சேவலும் சுருட்டும் படைத்து, கொடைத் திருவிழா நடக்கும். கொடையில் சாமி வருவது முப்பிடாதிமேல்தான். எந்தப் பெரிய காரியமானாலும் பீடத்தின் முன்னால் பூப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பூவரசு இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. மடித்துத் தும்பால் கட்டி வைப்பது ஒருவர், எடுப்பது மற்றவர். கட்டுகிறவர் காரியத்தை மனசுக்குள் நினைத்துக்கொண்டால் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால், எவ்வளவு லாபமானாலும், விட்டுவிட வேண்டியதுதான்.

லிமிடெட் ஆகலாமா என்றும் கேட்டார்கள். பெருமாள் கட்டினார், முப்பிடாதி எடுத்தான். வெள்ளை.

"சுடலையே சொல்லிட்டான். இனி என்ன யோசனை, நாளைக்கே வக்கீலப் பாருங்க அண்ணாச்சி" என்றான் முப்பிடாதி.

கம்பெனிச் சட்டத்தில் கரை கண்டவர் என்று ஊரில் பெயரெடுத்திருந்தவர் வக்கீல் சங்கரபாண்டியன். அவர் அறை வாசலில் குமாஸ்தா வீரபாகு உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்த பெருமாளை உள்ளே அனுப்பினார். முப்பிடாதிக்குத் தோளில் துண்டு மட்டும்தான்.

"சட்டையில்லாம உள்ள போப்படாது. இங்கன நில்லும். உள்ள பேசுதது நல்லாவே கேக்கும்" என்றார்.

அது உண்மைதான். வக்கீல் பேசினால் மாதா கோயில் வரைக்கும் கேட்கும்.

பெருமாள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுழலும் நாற்காலி ஒன்றின் எதிரில், கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை அதன் கைகள்மேல் வைத்துப் பார்த்தார். சுகமாக இருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சுகமும் ஒரு காரணம் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"கம்பெனி என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்?" என்று கேட்டார் வக்கீல்.

"யாவாரந்தானய்யா."

"தப்பு. கம்பெனி என்பது ஒரு ஆள்."

"எந்தூரு ஆளுங்க?" என்று வாசலிலிருந்து முப்பிடாதி கேட்டான்.

"ஊர் கிடையாது. உடம்பு கிடையாது. கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் சொத்து வைத்துக்கொள்ளும். வழக்குப் போடும். நானும் நீரும் செத்துப்போவோம். கம்பெனிக்குச் சாவு இல்லை."

"கொடை கேக்குமா?"

"வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். தவறினால் தண்டிக்கும்."

"பேசுமாய்யா?"

"தானாகப் பேசாது. டைரக்டர்கள் வாயால் பேசும்."

 பெருமாள் திரும்பிப் பார்த்தார். முப்பிடாதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டு நின்றான். "அண்ணாச்சி, இதும் நம்ம சுடலை மாதிரில்லா இருக்கு" என்றான்.

வக்கீல் அதைத் தமக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார். உற்சாகத்தோடு கம்பெனியின் நோக்கங்களை எழுதத் தொடங்கினார். தும்பு வாங்குதல், விற்றல். கப்பல் கட்டுதல். ரயில் பாதை போடுதல். முத்துக் குளித்தல். பாங்கி நடத்துதல். ஆப்பிரிக்காவில் தேயிலை பயிரிடுதல். ஆகாய விமானம் வாங்குதல்.

"ஐயா, எங்களுக்குத் தும்பு போதும்" என்றார் பெருமாள்.

"இன்றைக்குப் போதும். நாளைக்கு ஒரு விமானம் வாங்க ஆசைப்படுகிறீர் என்று வைத்துக்கொள்ளும். நோக்கத்தில் இல்லையென்றால் சட்டம் உம்மைக் கீழே இறக்கிவிடும். நான் எழுதுகிற கம்பெனி எதையும் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது."

"அப்பம் கொடை நடத்துததையும் ஒரு வரி சேத்துக்கிடுங்க" என்றான் முப்பிடாதி.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "வியாபாரக் கம்பெனி கொடை நடத்தக் கூடாது. அது நோக்கத்துக்குப் புறம்பானது."

ஆகாய விமானத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடமிருந்த அந்தத் தாளில் ஒரு சேவலுக்கும் ஒரு கட்டுச் சுருட்டுக்கும் இடமில்லாமல் போயிற்று. கம்பெனிக்கு ‘சுடலைமாடன் தும்புக் கம்பெனி’ என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனையும் எடுபடவில்லை. சுடுகாட்டுப் பெயரைக் கேட்டால் லண்டன் பயப்படும் என்றார் வக்கீல். ‘கோரல் ஸ்டார் பைபர்ஸ் லிமிடெட்’ என்று வைத்தார். அதில் பவளமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஆனால் லிமிடெட் இருந்தது.

சென்னைக்கு அனுப்பும் விண்ணப்பப் பாரம் நிரப்புவது வீரபாகுவின் வேலை. வீரபாகுவும் வருஷம் தவறாமல் சுடலைக்குச் சேவல் விடுகிறவர்தான். ஆனால் பாரத்தைக் கையில் எடுத்துவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வதைத் தவிர வேறு எதையும் தெரிந்திருக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

"மூணாவது பங்குதாரர் பேரு?"

"சுடலைமாடன்."

"தகப்பனார் பேரு?"

பெருமாள் யோசித்தார். "ஈசுவரன்னு சொல்லுவாவ."

"மேஜரா, மைனரா?"

"மீசை இருக்கு."

"மேஜர். தொழில்?"

"சுடுகாட்டுக் காவல்."

"குடியிருப்பு?"

"அங்கனயேதான்."

"கையெழுத்துப் போடுவாரா?"

"போட்டு நான் பாத்ததில்ல."

"கைநாட்டுன்னு போட்டுக்கிடுதேன்" என்று வீரபாகு எழுதி முடித்தார். சுடுகாடு பஞ்சாயத்து போர்டுக்குச் சொந்தம் என்பதால், தொழில் என்ற இடத்தில் ‘பஞ்சாயத்து போர்டு ஊழியர்’ என்று நாகரிகமாகக் குறித்தார்.

சில வாரங்களில் சென்னைக் கம்பெனிப் பதிவு ஆபீசிலிருந்து பதில் வந்தது. மூன்றாவது நபர் போர்டு ஊழியராக இருப்பதால், அவர் வியாபாரத்தில் ஈடுபட மேலதிகாரியின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று கண்டிருந்தது. வக்கீல் தருவைக்கரைப் பஞ்சாயத்து போர்டுக்கு எழுதினார். போர்டு தன் சம்பளப் பட்டியலைத் தேடிப் பார்த்தது. அப்படி ஒரு ஊழியர் இல்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் ஒருவர் வெகுநாளாகச் சுடுகாட்டைக் காவல் காத்துவருகிறார் என்பது அந்தக் கடிதத்தின் மூலம் போர்டின் கவனத்துக்கு வந்தது. யார் அனுமதியின்பேரில் என்று விசாரிக்கச் சுகாதாரப் பரிசோதகர் டேப்பும் கையுமாக வந்தார்.

செருப்பைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, முதலில் சுடலையைக் கும்பிட்டார். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டார். அப்புறம் பீடத்தை நீளமும் அகலமும் அளந்தார்.

"இது சாமியில்லன்னு நான் சொல்ல வரல" என்றார் பெருமாளிடம். "எங்க வீட்டுக்கும் இவருதான் குலசாமி. ஆனா கும்பிடுதது வேற, அனுமதிக்கிறது வேற. நான் கும்பிடுததையெல்லாம் அனுமதிச்சேன்னா இந்தப் பஞ்சாயத்துல ஒரு துண்டுப் புறம்போக்கு மிஞ்சாது. எம் மனசு பூரா சாமி பக்கந்தான் அண்ணாச்சி. கைமட்டுந்தான் போர்டு பக்கம்."

அந்தக் கையால் பீடத்தில் ஒரு நோட்டீசை ஒட்டினார். அனுமதியில்லாமல் காவல் காப்பதற்கு ஒரு வாரத்தில் காரணம் காட்ட வேண்டும் என்று சுடலைமாடனுக்கு எழுதியிருந்தது. திரும்பும்போது மறுபடியும் ஒரு கும்பிடு போட்டார்.

பெருமாளுக்குச் சுடலையின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லாமல் வெயிலில் நின்றவரைத் தாமல்லவா பாரத்தில் இழுத்துவிட்டோம் என்று நினைத்தார். முப்பிடாதி நோட்டீசைப் பிய்க்காமல், அதன்மேலேயே சந்தனம் தடவிப் பொட்டு வைத்தான்.

வக்கீலோ மகிழ்ந்துபோனார். "நல்லதுக்குத்தான். நோட்டீஸ் வந்திருக்கிறது என்றால் சுடலைமாடன் சட்டப்படி இருக்கிறார் என்று அர்த்தம். இதுவரை அதற்கு அத்தாட்சி கிடையாது. ஒரே ஒரு சிக்கல். தெய்வம் சட்டத்துக்கு என்றைக்கும் மைனர்."

"மீசை இருக்கேய்யா."

"மீசை சட்டத்துக்குத் தெரியாது. மைனருக்குக் கார்டியன் வேண்டும். சாமி யார்மேல் வருகிறது?"

"முப்பிடாதி மேல."

"அப்படியானால் அவன்தான் கார்டியன். ஆனால் அவனே ஒரு பங்குதாரன். ஒரே ஆள் தன் பங்குக்கும் சாமி பங்குக்கும் கை தூக்கக் கூடாது. ஆகவே சாமி வேண்டுமென்றால் முப்பிடாதி கூடாது. முப்பிடாதி வேண்டுமென்றால் சாமி கூடாது."

"இதுல யாரய்யா வேணும்?"

"என் அபிப்பிராயம், இரண்டு பேரும் வேண்டாம்." வக்கீல் நாற்காலியில் அரை வட்டம் சுழன்றார். "கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் நீர். மற்றவர் படித்தவராக, சட்டை போடுகிறவராக இருப்பது நல்லது. எனக்கு மூச்சு விட நேரமில்லை. இருந்தாலும் உமக்காக ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு பங்குதான். சேர்மனாக மட்டும் இருக்கிறேன்."

பெருமாள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "முப்பிடாதிய என்ன செய்ய?"

"வேலைக்கு வைத்துக்கொள்ளும். சம்பளம் கொடும். கம்பெனிக்கு இதயம் இல்லை என்று சொல்வார்கள். நான் எழுதும் கம்பெனிக்கு உண்டு."

முடிவு சொல்ல ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வாரத்திலேயே துரை, தும்பு அடுக்கும் கிட்டங்கியைப் பார்க்க வந்துவிட்டார். கூடவே வக்கீலும் வந்தார். பெண்கள் சீப்பில் தும்பு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூசியில் நின்று முப்பிடாதி கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் தும்பு ஒட்டி, கரடிபோல இருந்தான். துரை ஒரு கட்டைத் தூக்கி, முடிச்சை இழுத்துப் பார்த்து, தலையாட்டினார். பிறகு அவனைக் காட்டி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார்.

வக்கீல் அதைத் தமிழில் திருப்பினார். "இவன் யார் என்று கேட்கிறார்."

முப்பிடாதி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நிமிர்ந்தான்.

பெருமாள் துரையின் பூட்சைப் பார்த்தார். வக்கீலின் கோட்டைப் பார்த்தார். "கூலியாளு" என்றார்.

துரை ஆங்கிலத்தில்தான் கேட்டார். பெருமாளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே தமிழில்தான் பதில் சொன்னார். சீப்பு இழுத்த பெண்கள் எல்லாருக்கும் அது விளங்கியது. முப்பிடாதி சிரிப்பை உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் அது முகத்தில் அப்படியே நின்றது. பிறகு குனிந்து அடுத்த கட்டை எடுத்தான்.

பெருமாள் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் சொல் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மனைவி வடிவம்மாள் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"முப்பிடாதிக் கொழுந்தன் கூலியாளுன்னா, அவுக கையால கட்டிக் கப்பலேறுன சரக்கத் தின்னு வளந்த நாம யாராம்?"

"ஏளா, அது துரைகிட்டச் சும்மா சொன்னது. பங்குதாரன்னா இவனாங்கிற மாதிரி பாப்பாரேன்னு."

"பாத்தா என்ன? கண்ணு அவருக்குத்தான நோவும்?"

"உனக்குக் கம்பெனி விசயம் தெரியாது. துரை ஆர்டர் போச்சுன்னா அத்தனை பொம்பளைகளும் வேம்பாருப் பனையேறிகளும் எங்கன போவாக?"

"அவுகளுக்காகத்தான் சொன்னீங்களாக்கும்" என்றாள் வடிவம்மாள்.  மோர் ஊற்றும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய காரியம். பூப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. மறுநாள் காலையில் முப்பிடாதியைத் தருவைக்கரைக்கு வரச் சொல்லிவிட்டு, பெருமாள் முன்னதாகவே போய்விட்டார். முப்பிடாதியைப் பங்கிலிருந்து எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. செவ்வரளிச் செடி பீடத்துக்குப் பக்கத்திலேயே பூத்துக் கிடந்தது. பெருமாள் அதன் பக்கம் கை நீட்டினார். ஆர்டர் நினைவுக்கு வந்தது; கை வைத்த நாற்காலி நினைவுக்கு வந்தது. கையை மடக்கிக்கொண்டார். இரண்டு பூவரசு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்து, தும்பால் தமக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டார். வேலை நேர்த்தியாகத்தான் இருந்தது. 

முப்பிடாதி குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தான். "என்ன காரியம் அண்ணாச்சி?"

"கம்பெனி காரியந்தாம்லே. மனசுல நெனச்சிருக்கேன். எடு."

அவன் கண்ணை மூடி, சுடலையைக் கூப்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தான். "வெள்ளை" என்றான். முகம் மலர்ந்தது. "உத்தரவு குடுத்துட்டான். கவலைய விடுங்க. ரெண்டு நாளா உங்க மொகமே சரியில்லாம இருந்துது."

பெருமாளால் அங்கே நிற்க முடியவில்லை. அவசர வேலை என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். உப்பளத்தைத் தாண்டிய பிறகுதான், பிரிக்காத மற்றப் பொட்டலத்தைப் பீடத்திலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. ஓடினார். முப்பிடாதி இல்லை. பொட்டலமும் இல்லை. இரண்டு ஆடுகள் பீடத்தின் நிழலில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தன. பெருமாள் அந்த ஆடுகளின் வாயையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அரளியை ஆடு தின்னாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும், இது கொஞ்சம் விவரம் கெட்ட ஆடாக இருக்கலாம் என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

கோரல் ஸ்டார் பைபர்ஸ் லிமிடெட் பிறந்தது. முதல் டைரக்டர் கூட்டம் வக்கீலின் அறையில் நடந்தது. வக்கீல் சேர்மன் பதவிக்குத் தம் பெயரைச் சொன்னார், பெருமாள் ஆமோதித்தார். சேர்மன் தமக்கு நன்றி சொல்லிக்கொண்டார். அப்புறம் முப்பிடாதியைச் சம்பளத்துக்கு அமர்த்துவது என்றும், ஊழியர்கள் கம்பெனி அறைக்குள் அழைப்பில்லாமல் வரக் கூடாது என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பெருமாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இடிந்துபோய் இருக்கிறீர்?" என்றார் வக்கீல். "அவனை நீர் நீக்கினீரா? இல்லை. நான் நீக்கினேனா? இல்லவே இல்லை. கம்பெனி செய்தது. கம்பெனி ஒன்றைச் செய்யும்போது நீர் அங்கே இல்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. இதற்காகத்தானே ஐயா இவ்வளவு பாடுபட்டு ஒரு கம்பெனி வைத்துக்கொள்கிறோம்."

பெருமாளுக்கு அது மிகவும் ஆறுதலாக இருந்தது. கிட்டங்கி வாசல் வரைக்கும் அந்த ஆறுதல் கூட வந்தது.

அங்கே சென்னையிலிருந்து வந்திறங்கிய கம்பெனி முத்திரை இருந்தது. தாளை வைத்து அழுத்தினால் பெயர் புடைத்துக்கொண்டு வரும் கனத்த இரும்பு யந்திரம். அதற்குப் பூ மாலை போட்டிருந்தது. முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. முப்பிடாதி தேங்காயை உடைத்துத் தண்ணீரை அதன் காலடியில் தெளித்தான்.

"என்னலே இது?"

"புதுச் சாமி வந்திருக்குல்லா. வெறுமனயா எறக்குவாவ? இனி இதுதான நம்மளயெல்லாம் காப்பாத்தணும்" என்றான். பிறகு முத்திரையைத் தூக்கிக்கொண்டு போய், கம்பெனி அறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல் எட்டி மேஜைமேல் வைத்துவிட்டு விலகினான். தீர்மானத்தை வீரபாகு அவனுக்கு ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தார்.

துரையின் ஆர்டர் வந்தது. தும்பு கப்பலேறியது. முப்பிடாதி முன்போலவே வேம்பாருக்குப் போனான், வந்தான், கட்டினான். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டான். கணக்குச் சொல்ல வந்தால் அறை வாசலில் நின்றான். உள்ளே வாலே என்று சொல்லப் பெருமாளுக்கு நாக்கு எழும். அதற்குள் அவன் சொல்லி முடித்துப் போய்விடுவான். அந்தப் பொட்டலத்தை ஆடு தின்றதா, மனிதன் பிரித்தானா என்று அவன் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

சித்திரையில் கொடை வந்தது. கம்பெனியின் நோக்கங்களில் கொடை இல்லாததால் சுடலை பங்கு என்று ஒன்றும் அந்த வருஷம் ஒதுக்கவில்லை. முப்பிடாதி தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீப்பு இழுக்கும் பெண்களிடம் அரிசியும் தேங்காயும் வாங்கி நடத்தினான். அதைக் கேள்விப்பட்டதும் தலைமுழுகிவிட்டு எங்கேயாவது எட்டயபுரம் பக்கம் போய்விடலாம் என்று பெருமாள் நினைத்தார். வடிவம்மாள் விடவில்லை. "சாமிகிட்டயும் கூலியாள அனுப்பலாம்னு பாக்கீகளோ" என்று மட்டும் கேட்டாள்.

மதியக் கொடைக்குச் சேர்மனும் வந்திருந்தார். கம்பெனி கொடை நடத்தக் கூடாதே தவிர, கொடையில் கம்பெனி முதல் மரியாதை பெற்றுக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பெருமாள் கூட்டத்துக்கு வெளியே, உடைமரத்தடியில் நின்றார். பீடத்தில் ஒட்டிய நோட்டீஸ் சந்தனத்தோடு காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேளம் ஏறியது. வெயில் உச்சியில் நின்றது. முப்பிடாதிமேல் சாமி வந்தது. சுடலையின் ஈட்டியான வல்லயக் கம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினான். கும்பிட்டு விழுந்தவர்களுக்குத் திருநீறு போட்டான். வக்கீலுக்கும் போட்டான், அதில் மரியாதை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு உடைமரத்தைப் பார்த்தான். கூட்டம் வழி விட்டது.

"ஏலே பெருமாளு. ஏம்லே வெளிய நிக்க? உள்ள வாலே."

பெருமாள் போனார்.  எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி இப்போது பூ விஷயத்தைச் சொல்லும், எல்லார் முன்னாலும் சொல்லிவிடும், சொல்லிவிட்டால் நல்லது என்று மண்டியிட்டார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்து எதையோ எடுத்து அவர் கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டு, மேளத்துக்குத் திரும்பியது.

கையைத் திறந்தார். காய்ந்து சருகான பூவரசு இலைப் பொட்டலம். மேலே தும்புக் கட்டு. அது அவர் போட்ட முடிச்சு அல்ல. இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது.

"பூவா? உத்தரவா?" என்று வக்கீல் ஆவலோடு வாங்கி அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. பேனாக் கத்தியை எடுத்துத் தும்பை அறுத்தார். இலைக்குள் ஒரு அரளி சுருண்டு, நிறமெல்லாம் போய், தவிட்டு நிறத்தில் கிடந்தது. வக்கீல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது வெள்ளையா, சிவப்பா? யாருக்காவது தெரிகிறதா?"

"வெள்ளை" என்றார் பெருமாள். முப்பிடாதி சம்பந்தப்பட்ட வரையில், அந்த வருஷம் முழுவதும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"நல்லது. கம்பெனிக்குத் தெய்வ சம்மதமும் கிடைத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பதிந்துகொள்ளலாம்" என்று வக்கீல் பூவைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அறுந்த தும்பு தரையில் கிடந்தது. முடிச்சு மட்டும் குலையவில்லை. பெருமாள் அதைக் குனிந்து எடுத்து மடியில் செருகினார்.

மறுநாள் முப்பிடாதி வழக்கம்போல வந்து கம்பெனி அறை வாசலில் நின்றான். தொண்டை கட்டியிருந்தது. வேம்பார்ச் சரக்கு சாயங்காலம் வந்துவிடும் என்று சொன்னான். பெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"முப்பிடாதி. நேத்து சாமி எங்கிட்ட ஒண்ணு குடுத்துதே."

முப்பிடாதி அவரை நேராகப் பார்த்தான். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பெருமாள் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருப்பார்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. சாமி வந்துட்டா நான் அங்க இல்லியே."

அதே வாசகத்தைத் தமக்கும் ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பது பெருமாளுக்கு ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கை மடியில் இருந்த முடிச்சைத் தொட்டது.

"உள்ள வாலே" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. கம்பெனி என்னமும் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, முப்பிடாதி கட்டுக் கட்டப் போனான். மேஜைமேல் முத்திரை, போன வருஷத்து மாலை காய்ந்து தொங்க, பேசாமல் இருந்தது.